கருங்காலியியல்: அரவேணு டீக்கடையை முன்வைத்து ஒரு முன்னாய்வு

முதலில் ஆய்வுக் களம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் இருக்கிறது அரவேணு. கேத்தரின் அருவிக்குப் போகிறவர்கள் இங்கே காரை நிறுத்தி வழி கேட்பார்கள். மற்றபடி உலகம் இந்த ஊரிடம் எதையும் நின்று கேட்டதில்லை. சாலையோரத்தில் ஒரு டீக்கடை. இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர், சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த ஒரு செல்போன். இதுதான் ஆய்வுக்கூடம்.

ஆய்வுக் காலம் 12 ஏப்ரல் 2025 முதல் 14 பிப்ரவரி 2026 வரை, ஆக 308 நாள். முன்னது, இந்தியன் சூப்பர் லீக்கின் இறுதிப் போட்டியில் பெங்களூரை 2-1 என்று வென்று மோகன் பகான் கோப்பையைத் தூக்கிய நாள். பின்னது, மறுபடி அந்த லீக்கில் ஒருவன் பந்தை உதைத்த நாள். இடைப்பட்ட காலத்தில் பந்து இருந்தது, கால் இருந்தது, புல்லும் இருந்தது. லீக் இல்லை.

ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஏழு பேர். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டிலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர். இலை லாரி ஓட்டும் தம்பி, பிளஸ் டூ பையன், பேக்கரி சேட்டன் (இவர் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர், மற்ற எல்லோரும் சென்னையின் எஃப்சி ரசிகர்கள்), டீ மாஸ்டர். ஏழாவது ஆள் இக்கட்டுரையாளர். எட்டாவதாக ஒருவர் உண்டு. அவர் கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர். ஆய்வு முறைப்படி ஒப்பீட்டுக்கு நோய் இல்லாத ஒருவர் தேவைப்பட்டதால் அவரைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துக்கொண்டோம். தான் ஆய்வில் இருப்பது அவருக்கு இன்று வரை தெரியாது.

ஆய்வுச் சிக்கல் இது. பந்தாட்டத்தில் சம்பளத் தகராறு வந்து ஆட்டம் நிற்கிறது. சம்பளம் வாங்குகிறவன் கவலைப்படுகிறான், நியாயம். கொடுக்கிறவன் கவலைப்படுகிறான், அதுவும் ஒரு வகையில் நியாயம். வாங்காத, கொடுக்காத, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாத ஒருவன் அரவேணுவில் உட்கார்ந்து ஏன் டீயை ஆறவிடுகிறான்?

இத்துறையில் முந்தைய ஆய்வுகள் இல்லை. 1863-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் தொடங்கியபோது கார்ல் மார்க்ஸ் அதே ஊரில்தான் குடியிருந்தார். நான்கு ஆண்டு கழித்து மூலதனத்தின் முதல் பாகம் வந்தது. முதலாளி, தொழிலாளி இருவரையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவர் ரசிகனைத் தொடவில்லை. மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. இங்கிலாந்தில் சம்பளத்துக்குப் பந்தாடலாம் என்று அனுமதித்தது 1885-இல். அவர் போய்ச் சேர்ந்தது 1883-இல். இரண்டே ஆண்டில் தவறிப்போன அந்த அத்தியாயத்தைத்தான் இக்கட்டுரை எழுத முற்படுகிறது. துணிச்சலுக்கு மன்னிக்கவும்.

நூற்பா ஒன்று

ஆடுவோன் ஒருபால், ஆட்டுவோன் ஒருபால்;
வாடுவோன் அவ்விரு பாலும் இலனே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், தகராறின் தரப்புகளை எண்ணிச் சொல்லுதல் நுதலிற்று. ஆடுவோன் என்றது வீரனை. ஆட்டுவோன் என்றது கிளப்பு, கூட்டமைப்பு, ஒளிபரப்பு உரிமை வைத்திருப்போர் ஆகிய எல்லோரையும். வாடுவோன் யார் என்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. சாலையில் போகிற யாருக்கும் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இனி நடந்தது என்ன என்பது. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, தன் வணிக உரிமைகளை ஐஎம்ஜி-ரிலையன்ஸுக்கு 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் என்று எழுதிக் கொடுத்தது. அதன் வழியில் வந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனம் 2014 முதல் இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தியது. ஆண்டுக்கு 50 கோடி கூட்டமைப்புக்குப் போனது. ஒப்பந்தம் முடியும் நாள் 8 டிசம்பர் 2025. புதுப்பிப்பதா, எப்படி, யாரோடு என்ற பேச்சு நடந்திருக்க வேண்டிய நேரத்தில், கூட்டமைப்பின் சட்டவிதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. தீர்ப்பு வரும்வரை பேச முடியாது. இதற்கிடையே 2025 ஜூலை 11-ஆம் தேதி எஃப்எஸ்டிஎல்லிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சீசன் நிறுத்தி வைக்கப்படுகிறது.

நீலகிரிக்காரனுக்குக் குத்தகை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் 52 ஏக்கர். அதன் குத்தகை 1978-இல் முடிந்தது. அரசு அந்த நிலத்தைக் கையில் எடுத்தது 2024-இல். குத்தகை முடிந்து 46 ஆண்டு குதிரைகள் ஓடிய மாவட்டம் இது. அப்படிப்பட்ட ஊரில் வந்து, குத்தகை முடிவதற்கு ஐந்து மாதம் முன்பே ஆட்டத்தை நிறுத்திவிட்டோம் என்றால் யார் நம்புவார்கள்? "பேப்பர்தானே முடியுது, புல்லுமா முடியுது?" என்று ஹவில்தார் கேட்டார். இக்கேள்விக்கு டெல்லியில் இன்னும் பதில் எழுதப்படவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூர் கிளப்பு, முதல் அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. சென்னையின் தன் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. 2015-லும் 2018-லும் கோப்பை வாங்கிய அணி. செப்டம்பர் 19-ஆம் தேதி நீதிபதி பி.எஸ். நரசிம்மா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு கூட்டமைப்பின் புதிய சட்டவிதிகளுக்கு ஒப்புதல் தந்தது. அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். 15 ஆண்டு உரிமை, ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் அல்லது வருமானத்தில் 5 சதவீதம், எது அதிகமோ அது. நவம்பர் 7-ஆம் தேதி பெட்டியைத் திறந்தார்கள். ஒரு விண்ணப்பமும் இல்லை.

இந்த இடத்தில் டீ மாஸ்டர் ஒரு கருத்துச் சொன்னார். ஆய்வேட்டில் பதிவு செய்கிறோம். "நம்ம ஊர்ல மீன் ஏலத்துக்கே நாலு பேர் வருவான் அண்ணா." அரவேணுவில் மீன் ஏலம் கிடையாது. கடலும் கிடையாது. ஆனாலும் கருத்தில் உண்மை இருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

கலைச்சொல் ஆராய்ச்சி: வேலைநிறுத்தமா, கதவடைப்பா?

தொழிலாளி நிறுத்தினால் வேலைநிறுத்தம். முதலாளி நிறுத்தினால் கதவடைப்பு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தது. தேயிலைத் தோட்டங்களை ஒட்டி வாழ்கிற எவருக்கும் இவ்வேறுபாடு பாலப்பருவத்திலேயே தெரியும். தீபாவளி போனஸ் 8.33 சதவீதமா 20 சதவீதமா என்ற சண்டையைக் கேட்டுத்தான் இங்கே பிள்ளைகள் சதவீதக் கணக்கே கற்கிறார்கள்.

ஆனால் 2025-இல் நடந்தது எது? வீரர்கள் வேலையை நிறுத்தவில்லை. ஆடுகிறோம் ஆடுகிறோம் என்று கெஞ்சினார்கள். நவம்பரில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் போன்றவர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். ஜனவரி தொடக்கத்தில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பே தலையிட வேண்டும் என்று வீடியோவில் கேட்டார்கள். உலகத்திலேயே, வேலை கொடு என்று கேட்டுப் போராடிய நட்சத்திர வீரர்கள் இவர்களாகத்தான் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். எனவே இது வேலைநிறுத்தம் அன்று.

அப்படியானால் கதவடைப்பா? கதவை அடைக்க ஒரு கதவு வேண்டும், அதற்கு ஒரு சொந்தக்காரன் வேண்டும். கிளப்பைக் கேட்டால் லீக் இல்லையே என்கிறது. லீக் நடத்தியவரைக் கேட்டால் உரிமை முடிகிறதே என்கிறார். கூட்டமைப்பைக் கேட்டால் வழக்கு என்கிறது. பூட்டு தொங்குகிறது, பூட்டியவன் இல்லை. பட்டறைக்காரர் தொழில் அனுபவத்தில் சொன்னார்: "சாவி தொலைஞ்ச பூட்டக் கூட நான் தொறந்துடுவேன். கதவே இல்லாத பூட்ட என்ன பண்றது?"

இத்தகராறின் நடுவிலேயே, 2025 நவம்பர் 21-ஆம் தேதி, நாட்டின் பழைய தொழிலாளர் சட்டங்கள் போய் நான்கு புதிய சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நாம் எந்தச் சொல்லால் அழுவது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அகராதியையே மாற்றிவிட்டார்கள். புதிய தொகுப்பின்படி, ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பேசி வைத்துக்கொண்டு தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். இவ்விதியை அரவேணு டீக்கடைக்குப் பொருத்திப் பார்த்தோம். டிசம்பரில் ஒரு நாள் ஏழு பேரில் நால்வர் வரவில்லை. வேலைநிறுத்தம் என்று குறித்துக்கொண்டோம். மறுநாள் விசாரித்ததில், கடைக்குப் பின்னால் கரடி வந்ததால் வராமல் போனார்கள் என்று தெரிந்தது.

கரடி பற்றி ஒரு சொல். சிவபூஜையில் கரடி நுழைந்ததுபோல என்று மற்ற ஊர்க்காரர்கள் உவமைக்குச் சொல்வார்கள். கோத்தகிரிப் பக்கத்தில் அது உவமை அன்று, தினசரிச் செய்தி. ராத்திரியில் கடைக் கதவை உடைத்து எண்ணெயும் வெல்லமும் தின்றுவிட்டுப் போகும். அதனிடம் யாரும் ஒப்பந்தக் காலம் கேட்டதில்லை.

திணைக் குழப்பம்

நில வகையால் அரவேணு குறிஞ்சி. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். ரசிகனுக்கோ அந்த 308 நாளும் நடந்தது பிரிவு. அது பாலை. பிரிந்தவர் வருவார் வருவார் என்று ஆற்றி இருந்தது முல்லை. இடையிடையே, இனி இந்த இந்தியப் பந்தாட்டத்தையே பார்க்க மாட்டேன், ஐரோப்பாவைத்தான் பார்ப்பேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது ஊடல், அதாவது மருதம். திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ரசிகன் அவ்விதிக்குள் ஒழுங்காகவே நடந்திருக்கிறான். பெஞ்சு மாறவில்லை, துக்கம் மட்டும் மாறி மாறி வந்தது.

இதில் பேக்கரி சேட்டனின் நிலை தனி. அவருக்கு மஞ்சள் அணி, நமக்கு நீலம். பத்து வருடமாக அவரோடு பேசுவது எல்லாம் வசைதான். ஆட்டம் நின்றதும் திட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. செப்டம்பரில் ஒரு நாள் அவர் என்னிடம் என் உடல்நலம் விசாரித்தார். நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டிசம்பர் 13-ஆம் தேதி மெஸ்ஸி கல்கத்தா வந்தார். சால்ட் லேக் மைதானத்தில் கூட்டம் திரண்டது. அவரைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் நின்றதால் டிக்கெட் வாங்கியவர்கள் கண்ணுக்கு அவர் படவில்லை. சீக்கிரமே போய்விட்டார். பாட்டில் பறந்தது, நாற்காலி பறந்தது. இதைப் பார்த்துவிட்டு ஹவில்தார், "பந்தாடறவனப் பாக்கக் காசு இருக்கு, பந்தாடக் காசு இல்ல" என்றார். இந்த வாக்கியத்தைவிட அதிகமாக இப்பகுதியில் சொல்ல எமக்கு ஒன்றுமில்லை.

கருங்காலி என்னும் சொல்

ஆய்வின் மையம் இதுதான். மற்றவை எல்லாம் இதற்கு வரும் வழி.

கருங்காலி ஒரு மரம். கறுத்த, கெட்டியான, செல்லரிக்காத மரம். உலக்கைக்கும் கோடாரிக் காம்புக்கும் ஆகும். மரத்தை வெட்டுகிற கோடாரிக்குக் காம்பாகப் போவதும் ஒரு மரமே என்பதால், தன் இனத்தைக் கெடுப்பவனுக்கு இப்பெயர் வந்தது என்பார்கள். சங்கங்கள் வந்த பிறகு, எல்லோரும் வேலைநிறுத்தத்தில் நிற்கும்போது பின்வாசல் வழியாக உள்ளே போய் வேலை பார்ப்பவன் கருங்காலி ஆனான். எஸ்டேட் லைன் வீடுகளில் ஒருவனைக் கருங்காலி என்று சொல்லிவிட்டால் அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகமாட்டார்கள்.

காலம் சொல்லைத் திருப்பிப்போட்டது. இப்போது கருங்காலி மாலை போட்டால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். நடிகர்கள் போடுகிறார்கள், பஸ் கண்டக்டர்கள் போடுகிறார்கள். எங்கள் டீ மாஸ்டர் கழுத்திலும் ஒன்று உண்டு. அவருடைய அப்பா எஸ்டேட் சங்கத்தில் இருந்தவர். ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன்: "ஏன் மாஸ்டர், உங்கப்பா இருந்தா இதப் போட விட்டிருப்பாரா?" அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அப்பா காலத்துல அது கெட்ட வார்த்த. இப்ப முன்னூத்தம்பது ரூவா" என்றார்.

இந்தச் சொல் ரசிகனுக்கு எப்படிப் பொருந்தும்? அக்டோபர் மாதத்துப் பேச்சு ஒன்றை அப்படியே தருகிறேன். பேசியவர்கள் இலை லாரித் தம்பியும் நானும்.

"அண்ணா, சம்பளம் தராம ஆடச் சொல்றது தப்புதானுங்களே?"

"தப்புதான்."

"கான்ட்ராக்ட் போட்டாச்சுன்னா குடுக்கோணுமில்லீங்களா?"

"குடுக்கணும்."

"அப்ப வீரனுங்க பக்கம்தான் நாம."

"வேற யார் பக்கம்?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "ஏனுங்கண்ணா, பாதிச் சம்பளத்துக்கு ஆட மாட்டாங்களா? ஆரம்பிச்சா போதுமே, மீதிய அப்புறம் பாத்துக்கலாமில்ல" என்றான்.

நான் அவனைத் திட்டவில்லை. ஏனென்றால் அதே யோசனை எனக்கு ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. தம்பி நல்லவன், சொல்ல இரண்டு மாதம் எடுத்துக்கொண்டான்.

ஆக எமது கருதுகோள்: ரசிகன் கொள்கையால் தொழிலாளி, ஆசையால் கருங்காலி. வாரநாளில் அவன் சங்கத்துக்காரன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பின்வாசலில் நிற்பான். தன் அணிக்காரனுக்குப் பாலும் முட்டையும் கிடைக்கவேண்டும் என்று மனதார நினைப்பவனும் அவன்தான். பசித்தாலும் பரவாயில்லை, வந்து ஆடு என்று மனதார நினைப்பவனும் அவன்தான். இரண்டும் ஒரே பெஞ்சில், ஒரே டீயில்.

பிற நாட்டுச் சான்றுகள்

இது அரவேணுவின் தனிக் கோளாறா என்று சோதிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1961 வரை வீரனுக்கு வாரச் சம்பளம் 20 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. வீரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தார். அந்த ஆண்டு ஜனவரியில் வரம்பு உடைந்தது. சில மாதத்தில் ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார். அங்கே ஆட்டம் நிற்கவில்லை. ஆகவே ரசிகனின் உண்மை முகமும் தெரியவில்லை.

அர்ஜென்டினாவில் 1948-இல் வீரர்கள் உண்மையாகவே நிறுத்தினார்கள். விளைவாகப் பலர் கொலம்பியாவுக்குப் போய்விட்டார்கள். ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபனோ பொகோட்டாவின் மில்லோனாரியோஸுக்கு ஆடினார். புவனோஸ் ஐரஸ் ரசிகன் பெற்ற பாடம்: தகராறு தீரும், ஆள் திரும்ப மாட்டான். 2011 ஆகஸ்டில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சீசனின் முதல் சுற்று ஆட்டங்களே வீரர்களின் நிறுத்தத்தால் நடக்கவில்லை. ஸ்பெயினில் காரணம் பல கிளப்புகள் வைத்திருந்த சம்பளப் பாக்கி.

ஆனால் கருங்காலியியலுக்கு மிக முக்கியமான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே கையால் ஆடுகிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது இப்போது வேண்டாம். 1987-இல் என்எஃப்எல் வீரர்கள் 24 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் ஒரே ஒரு வார ஆட்டத்தைத்தான் ரத்து செய்தார்கள். அடுத்த மூன்று வாரம் வேறு ஆட்களைக் கூட்டிவந்து, அதே உடையை மாட்டி, அதே புள்ளிப் பட்டியலில் கணக்கு வைத்து ஆட்டத்தை நடத்தினார்கள். கூட்டம் குறைந்தது, ஆனாலும் வந்தது. வேலைநிறுத்தம் உடைந்தது. உள்ளே ஆடப்போனவனை எல்லோரும் கருங்காலி என்றார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்தவனுக்கு மட்டும் பெயர் வைக்க மறந்துவிட்டார்கள். இக்கட்டுரை அந்த விடுபாட்டை நிரப்புகிறது.

இலையை முன்னிட்டு ஒரு கிளை ஆய்வு

ரசிகனால் ஏன் வேலைநிறுத்தம் செய்ய முடியவில்லை? பார்க்காமல் இருந்துவிட்டால் போயிற்று. காசு வராது, பெரியவர்கள் இறங்கி வருவார்கள். காகிதத்தில் இது சரி. இதற்கு விடை எனக்கு டீக்கடையில் கிடைக்கவில்லை, எடைப் பந்தலில் கிடைத்தது.

எனக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. பறித்த பச்சை இலை அன்றைக்கே பேக்டரிக்குப் போகவேண்டும். சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், பிறகு யாரும் எடுக்கமாட்டார்கள். மழை நாளில் இலையில் தண்ணீர் என்று எடையில் கழிப்பார்கள். விலை என்ன என்று கொடுக்கும்போது தெரியாது, பிறகுதான் தெரியும். விலை இல்லையென்றால் பறிக்காமல் விட்டுவிடலாமே என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். விட்டால் கொழுந்து முற்றும், செடி மேலே போய்விடும், அப்புறம் கவாத்து வெட்டி மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிறுத்தினால் தண்டனை எதிராளிக்கு இல்லை, நம் செடிக்கு. 2023 செப்டம்பரில் சிறு விவசாயிகள் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு, கோத்தகிரியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாப்பாட்டை நிறுத்தினார்கள், பறிப்பை நிறுத்தவில்லை. இங்கே எது முடியும், எது முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

பந்தாட்டக்காரனின் காலும் பச்சை இலைதான். 22 வயதில் ஓடுகிற ஓட்டம் ஒரு சீசன் சாக்கில் கிடந்தால் சிவந்துபோகும். அதை வாங்குகிறவனுக்கு அவசரமில்லை, விற்கிறவனுக்குத்தான் அவசரம். அதனால்தான் பதினைந்து வருடம் நாட்டுக்கு ஆடியவனும் வீடியோவில் வந்து கெஞ்சினான். ரசிகன் விஷயமும் அதேபோல்தான். அவன் பறிக்கிறது பழக்கத்தை. ஒரு வருடம் விட்டால் செடி மேலே போய்விடும். பிளஸ் டூ பையனுக்கு அதுதான் நடந்தது. ஜூலையில் அவன் அணியின் பதினோரு பேரையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். டிசம்பரில் கேட்டபோது ஆறு பேரோடு நின்றான். பிறகு, "இப்ப கிரிக்கெட்டும் பரவால்லைங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு எட்டாவது ஆளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். 308 நாளில் நான் பார்த்த கெட்ட நாள் அது. நோயாளி குணமாகி வார்டு மாறுவதைப் பார்க்கிற மற்ற நோயாளிகளின் நிலை.

பையனிடம் நான் சொல்லத் தவறியது ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தபோது அணிக்குத் தன் ஊர் மைதானமே இல்லை. சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். இறுதிப் போட்டி கோவாவில், கோவாவுக்கு எதிராக. 90-ஆவது நிமிடம் நெருங்கும்போது 2-1 என்று பின்தங்கியிருந்தோம். கோவா கோல்கீப்பர் கைபட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே விழுந்தது, சமம். அடுத்து இன்ஜுரி டைமில் மெண்டோசா அடித்தார். 3-2. அன்று இந்தக் கடையின் பழைய டிவியில் பாதி படம், பாதி மஞ்சு. கோல் விழுந்ததைப் பார்க்கவில்லை, கமெண்டேட்டர் கத்தியதைக் கேட்டுத்தான் குதித்தோம். பாய்லர் மேல் ஹவில்தார் கையை வைத்துவிட்டார், தழும்பு இன்னும் இருக்கிறது. பையன் அப்போது ரெண்டாம் கிளாஸ். இதைச் சொல்லியிருந்தால் இந்தப் பெஞ்சிலேயே இருந்திருப்பானா என்பது மேலாய்வுக்கு உரியது.

நூற்பா இரண்டு

பாரேன் என்றல் பார்த்தற்கு முதற்படி.

உரை வேண்டா, எளிதாகலின்.

2026 ஜனவரி 6-ஆம் தேதி மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, லீக் பிப்ரவரி 14-இல் தொடங்கும் என்று அறிவித்தார். 14 கிளப்புகள், 91 ஆட்டம். முந்தைய சீசனில் 13 கிளப்புகள் லீக் சுற்றில் மட்டும் 156 ஆட்டம் ஆடின. வீட்டில் ஒன்று, வெளியே ஒன்று என்ற பழைய முறை போய், ஒருவரோடு ஒருவர் ஒரே முறை மோதுவது என்றானது. சில கிளப்புகள் வீரர்களிடம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளக் கேட்டன. அதாவது இலை லாரித் தம்பி அக்டோபரில் சொன்ன யோசனை, ஜனவரியில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்தது. தம்பிக்கு இதைச் சொன்னபோது சந்தோஷப்படவில்லை. "நான் சும்மா சொன்னதுங்கண்ணா" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

பட்டறைக்காரர் மட்டும் கொள்கையில் நின்றார். பாதி சீசனும் வேண்டாம், பாதிச் சம்பளமும் வேண்டாம், நான் பார்க்கப் போவதில்லை என்றார். மாசி மாதத்து வேலைகள் இருக்கின்றன, கேட் ஒன்று பாக்கி, ஷட்டர் ஒன்று பாக்கி என்று காரணமும் சொன்னார். ஆய்வில் ஒரே ஒரு மெய்யான வேலைநிறுத்தக்காரர் கிடைத்துவிட்டார் என்று நான் தனித்தாளில் குறித்துக்கொண்டேன். கருதுகோளுக்கு எதிர்ச்சான்று கிடைத்தால் நேர்மையான ஆய்வாளன் மகிழவேண்டும். மகிழ முயன்றேன்.

பிப்ரவரி 14 சனிக்கிழமை. கல்கத்தாவில் மோகன் பகானுக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் முதல் ஆட்டம். நம் அணிகூட இல்லை. சேட்டன் பேக்கரியை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு மஞ்சள் சட்டையில் வந்து உட்கார்ந்தார். வந்ததும் என்னைத் திட்டினார், மனம் நிறைந்தது. சர்க்கரை டப்பாவில் செல்போன் சாய்ந்திருந்தது. மாஸ்டர் கழுத்து மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாலை ஊற்றினார். வெளியே மஞ்சு இறங்கி எதிர்ப்பக்கத்துக் கடைகளை மூடிவிட்டது.

கோல் விழுந்து சேட்டன் தலையில் கை வைத்தபோது திரும்பிப் பார்த்தேன். கடைக்கு வெளியே, ஜன்னலை ஒட்டி, மப்ளர் சுற்றிக்கொண்டு பட்டறைக்காரர் நின்றார். கழுத்தை ஒரு சாணுக்கு நீட்டியிருந்தார்.

"உள்ள வாங்கண்ணா" என்றேன்.

"இல்ல தம்பி, பஸ்ஸுக்கு நிக்கிறேன். கோத்தகிரி வரைக்கும் ஒரு வேல."

கொஞ்ச நேரத்தில் மஞ்சைக் கிழித்துக்கொண்டு கோத்தகிரி பஸ் வந்தது. நின்றது. டிரைவர் ஹாரன் அடித்து, கையைக் காட்டாமல் நின்ற மனிதரை ஒருமுறை பார்த்தார். பிறகு பஸ் போனது.

பட்டறைக்காரர் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, செல்போனைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.